முள் போன இடம்

"முள்ளை வெட்டுனதுக்கு அப்புறந்தான் எங்க ஓரகத்தி கண்ணுல பட ஆரம்பிச்சா."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டிலிருந்த நடுத்தர வயதுப் பெண் இப்படிச் சொன்னார். பக்கத்திலிருந்த இளம்பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி அவங்க எங்க இருந்தாங்கக்கா?"

"பக்கத்து வூட்லதான். ஏரிக்கரை நெலத்தப் பங்கு பிரிச்சப்ப சண்டை. அதுலேர்ந்து பேச்சே இல்ல. நடுவுல சீமைக்கருவேலம் சொவரு மாதிரி மண்டிக் கெடந்துச்சு. அதுவும் சௌரியமாத்தான் இருந்துச்சு. இப்ப வாசலுக்கு வந்தா நேருக்கு நேரா நிக்கிறா."

"அந்த எடத்துல ஒண்ணும் வைக்கலையா?"

"நம்மூரு மரமா இருக்கட்டும்னு புங்கையும் நாவலும் வச்சோம். முழங்கால் ஒசரந்தான் இருக்கு. மறைக்க ரொம்ப வருசமாகும்."

"ஆடு கடிச்சுடுமேக்கா."

"அதான். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், கன்னு ஒவ்வொண்ணையும் சுத்தி முள்ளு கட்டியிருக்கு. நாங்க வெட்டிப் போட்ட அதே முள்ளு."

"யாரு கட்டுனது?"

"நேத்து அவ கையப் பாத்தேன். ரெண்டு கையிலயும் கீறலு."

அந்த அக்கா மடியிலிருந்த பையைத் தொட்டுக் காட்டினார்.

"டவுன்ல மருந்து வாங்கிட்டுப் போறேன். குடுக்கறப்ப மொதல்ல என்ன பேசுறதுன்னுதான் தெரியல."

"கை எப்படி இருக்குன்னு கேளுங்க. போதும்."

அந்த அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கை எப்படி இருக்கு" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.