சமையல்காரர் சுற்றிய ஊர்கள்

கன்னியம்மா: ...சரி, குத்தாலத்துல இன்னா இருக்குது?

ஆதிகேசவன்: கடலு.

கன்னியம்மா: கடலு கன்னியாகுமரியிலய்யா. குத்தாலத்துல அருவி.

ஆதிகேசவன்: எல்லாம் தண்ணிதானே, வுடும்மே.

கன்னியம்மா: வுட்டா பொண்ணு கல்யாணம் நின்னுபூடும். நீ டூரிஸ்ட் பஸ்ஸுல சமையலுக்குப் போயிருக்கறதா ஆரம்பாக்கம் பூரா சொல்லி வெச்சிருக்கேன். ரயில வுட்டு எறங்கினதும் கேப்பாங்க.

ஆதிகேசவன்: உனக்கு மட்டும் இதெல்லாம் எப்பிடித் தெரியும்?

கன்னியம்மா: டீக்கடை காலண்டருல மாசத்துக்கு ஒரு ஊரு போட்டிருக்குது.

ஆதிகேசவன்: ஆஸ்பத்திரியில இருந்தேன்னே சொல்லிட்டா இன்னா? நோவு போயிடுச்சு, இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.

கன்னியம்மா: டாக்டரு ஊடு ஊடா வந்து சொல்லுவாரா? டி.பி.ன்னு காதுல வுழுந்தா மாப்ள ஊட்டுல தாம்பூலத்தத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அப்புறம் செண்பகம் மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது... ஊட்டி சொல்லு.

ஆதிகேசவன்: குளிரு. ரோஜாத் தோட்டம். ஏரியில படகு வுடறாங்க.

கன்னியம்மா: ம்... அப்பிடித்தான்.

ஆதிகேசவன்: இத்தினி மாசமா ஜன்னல் வழியா ஒரே புங்க மரத்தப் பாத்துக்கினு கெடந்தேன். மலை, அருவி, கடலுன்னு நீ சொல்லச் சொல்ல... நெசமாவே போய்ப் பாக்கணும் போல இருக்குதுமே.

கன்னியம்மா: கல்யாணம் முடியட்டும்யா. ரெண்டு பேருமே போலாம்... பொன்னேரி வந்துடுச்சு. ஐயோ, ஏறுறது யாரு பாரு. மாப்ளயோட அம்மா. நீ பேசாத... வாங்க அண்ணி, இப்பிடிக் குந்துங்க.

மணியம்மாள்: அண்ணனா இது? இன்னா இப்பிடி எளச்சிட்டாரு? சமைக்கிறவரு சாப்ட மாட்டாரா?

கன்னியம்மா: மலை ஏறி எறங்கி...

மணியம்மாள்: நீ இரு அண்ணி. அவரு சொல்லட்டும். எந்த ஊரு அண்ணே ரொம்பப் புடிச்சுது?

ஆதிகேசவன்: ஊட்டிங்க.

மணியம்மாள்: அங்க இன்னா விசேஷம்?

ஆதிகேசவன்: காலையில மணி அடிப்பாங்க. ஆளுக்கு ஒரு டம்ளர் பாலு, ஒரு முட்டை. அப்புறம் வராண்டாவுல வரிசையா குந்த வெச்சு, ஒவ்வொருத்தரா எடை பாத்து...

கன்னியம்மா: அரிசி மூட்டையச் சொல்றாரு அண்ணி. பஸ்ஸுல ஏத்தறதுக்கு...

மணியம்மாள்: அந்த முட்டை உள்ள வேகாம கொழகொழன்னு இருக்குமே அண்ணே?

ஆதிகேசவன்: ஆமாங்க... உங்களுக்கு எப்பிடி...

கன்னியம்மா: அண்ணி... பொய் சொன்னது நானு. பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. எதுவா இருந்தாலும் என்னத் திட்டுங்க. அவள வேணாம்னு மட்டும்...

மணியம்மாள்: கண்ணத் தொடச்சிக்க. தை மாசம் சொன்ன நாள்ல கல்யாணம். எங்க ஊட்டுக்காரரும் அந்தப் பாலக் குடிச்சுத்தான் எழுந்து வந்தாரு... நாங்க கொடைக்கானல்னு சொல்லியிருந்தோம்.