கடைசிப் புல்வெட்டு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஒக்டோபர் காலை. மல்வேர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"ஹார்ட் ஒப்பரேசன் முடிஞ்சு கண் முழிச்ச என்ரை மனிசன் முதல் கேட்டது, 'புல்லு வெட்டிப்போட்டியோ?' எண்டு."

"உதென்ன கேள்வி, அக்கா?"

"ஸ்நோ விழமுதல் ஒருக்கால் ஒட்ட வெட்டோணும். இல்லாட்டி பனிக்குக் கீழை அழுகிப்போகும். எந்த வருசமும் அவர்தான் வெட்டுறவர்."

"இந்த வருசம்?"

"முந்தாநாள் நானே வெட்டினன். மெசினைத் தள்ளிக் கை இன்னும் நோகுது."

"அவரிட்டைச் சொல்லிப்போட்டியளோ?"



"இல்லை. வளர்ந்துபோய்க் கிடக்குது, நீங்கள் வந்துதான் வெட்டோணும் எண்டு சொன்னனான். அதைக் கேட்டுத்தான் நேற்றுக் கட்டிலாலை இறங்கி நாலடி நடந்தவர்."