ஏழு எண்ணின சூடு

ஈயம் ஒட்டுற இரும்பின்ரை சூட்டை அளக்க என்னட்டைக் கருவி ஒண்டும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. முள்ளியவளைச் சந்தியில றேடியோ திருத்துற எனக்கு ஒரு துண்டு ஈயக்கம்பி போதும். சிரட்டைக் கரியில காய்ச்சின இரும்பு நுனியில அதை வைச்சிட்டு எண்ணுவன். ஒண்டு சொல்ல முன்னம் உருகி ஓடினால் நல்ல சூடு. ஏழு வரைக்கும் எண்ண வேண்டி வந்தால் இரும்பு ஆறிப்போச்சு. அந்தச் சூட்டில ஒட்டினாலும் ஒட்டின மாதிரித்தான் தெரியும், உள்ளுக்குப் பிடிக்காது. ஒரு கிழமைக்குள்ளை விட்டிடும்.

நாயாற்று யாக்கோப்பின்ரை றேடியோவை அவன்ரை தங்கச்சி கிறேஸ்தான் பஸ்ஸில கொண்டுவந்தவா. "காத்துச் செய்தி கேக்காமல் எங்கடை அண்ணர் தோணி இறக்கமாட்டார். கெதியாத் திருத்தித் தாங்கோ" எண்டா. கடைவாசல் வாங்கில இருந்து தேத்தண்ணி குடிச்சா, என்னோடை சிரிச்சுக் கதைச்சா. எனக்கு நாற்பது வயசாகுது, முன்னாலை இருந்து அப்பிடிச் சிரிச்ச பொம்பிளை வேறை ஒருத்தியும் இல்லை. வாய்திறந்து கேக்கவும் ஏலாது. நான் சைவம், அவா யேசுவைக் கும்பிடுற வேதக்காரி.

முதல்தரம் ஒழுங்காத்தான் ஒட்டினனான். மூண்டு மாசம் அவா இந்தப் பக்கமே வரேல்லை. நல்ல வேலை செய்து நான் என்னத்தைக் கண்டன்? அடுத்தமுறை ஏழு எண்ணினன். எட்டாம் நாள் வந்து நிண்டா. பிறகு அப்பிடியே பழகிப்போச்சு.

மார்கழியில றேடியோப் பெட்டி செத்துக்கிடந்த நேரம் புயல் அறிவிப்பு வந்தது. யாக்கோப்பு மூண்டு நாள் வானத்தைப் பார்த்திருந்திட்டு, வீட்டில அரிசியில்லாமல் கடலுக்குப் போனான். வரேல்லை. நான் அழாத அழுகையா, ஐயா.

முப்பத்தோராம் நாள் கழிய கிறேஸ் கறுப்புச் சட்டையோடை வந்தா. "இனித் தம்பி பேதுருதான் தொழிலுக்குப் போறான், அண்ணை. அவனையாவது இந்தப் பெட்டி காப்பாத்தட்டும்" எண்டா. இரும்பை நல்லாத்தான் காய்ச்சினன். எடுத்து வைச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தன். ஒழுங்கா ஒட்டினால் இனி அவா ஏன் வரப்போறா? ஏழு எண்ணினன்.

ஓம், நான்தான் செய்தனான். முந்தநாள் அடிச்ச காத்தில பேதுருவும் திரும்பேல்லை எண்டது நீங்கள் சொல்லித்தான் தெரியும். கடல் கொண்டுபோனதுக்கு நான் என்ன செய்யிறது? ஒண்டே ஒண்டு கேக்கிறன், என்னைக் கெதியா விடுங்கோ. ஒட்டிக் குடுத்து இண்டைக்கு எட்டாம் நாள். கடை பூட்டிக்கிடந்தால் அவா பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெயிலுக்கை நிப்பா, பாவம்.