பேப்பரில் இல்லாத ஊர்

…இல்லை அக்கா, நான் தெரியாமத்தான் கேக்கிறன், வீட்டைக் கட்டிச் சில்லுப் பூட்டின மாதிரி ஒரு வாகனத்தைக் கொண்டு போய், மூண்டு நாளில ஒரு நாளாவது நாங்கள் அதுக்குள்ள படுத்தமோ? ஒரு முட்டை பொரிச்சமோ? சொந்தக்காரர் எல்லாரும் படுத்தினம். நாங்கள் படுக்கேல்லை. இருங்கோ, இருங்கோ, நீங்கள் கேட்ட மிளகாய்த்தூளைப் பேப்பர்ச் சரையில கட்டித் தாறன், என்ன அவசரம். நீங்கள் மேல்மாடிக்கு வந்து ஒரு கிழமைதானே, சிவகௌரி எண்ட பேர் மட்டுந்தான் எனக்குத் தெரியும். உந்தக் கதிரையில பிள்ளையின்ரை சட்டையளை அங்கால தள்ளிப்போட்டு இருங்கோ.

இண்டைக்கு ஆரோடையாவது கதைக்காட்டி எனக்கு மண்டை வெடிச்சிடும். இவர் விடிய எட்டு மணிக்குக் கந்தோருக்குப் போனவர். வெளிநாட்டாக்களுக்குப் பேப்பர் குடுக்கிற கந்தோர்தான். இண்டைக்கு டெர்மின், அவை வரச் சொல்லிக் குடுத்த நாள். ஸ்டேசனடிப் பேக்கரிக்காரன் இவரை வேலைக்கு எடுக்கிறன் எண்டு எழுதிக் குடுத்திட்டான், கந்தோர் ஒரு முத்திரை குத்தினால் திங்கட்கிழமை வேலை. ஒண்டரை வருசமாச் சும்மா இருக்கிற மனிசன் அக்கா. யன்னலடியில இருந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரன் எத்தினை மணிக்குக் காரை எடுக்கிறான் எண்டு எனக்கு வந்து சொல்லுவார். நான் அதுக்கு என்ன சொல்லுறது? ஓமோ எண்டுவன். நேற்று, போட்டுக்கொண்டு போற சேட்டை ரெண்டு தரம் அயன் பண்ணினவர். போன கிழமை மட்டும் எல்லாம் சரி, பேந்துதான் அந்தக் கடிதம் வந்தது. அனுமதி இல்லாத ஊரில நிண்டிருக்கிறியளாம், அதுக்கு விளக்கம் சொன்னால்தான் வேலைப் பேப்பராம். எல்லாம் அந்தச் சில்லு வீட்டால, அந்தக் கரவனால வந்த வினை.

எங்கடை பேப்பரோட இந்த மாவட்டத்தை விட்டு வெளிக்கிடக் கூடாதெல்லோ? உங்களுக்கும் அதுதானே. ஓம், எல்லாருக்கும் அதுதான். வெளிக்கிடுறதெண்டால் முதல் அன்ட்ராக் எண்டு ஒரு விண்ணப்பம் போடோணும், எந்த ஊர், எந்தத் திகதி, ஆற்றை வீடு எண்டு. அவை அந்த ஊர்களை மட்டும் ஒரு கடுதாசியில அடிச்சு முத்திரை குத்தித் தருவினம். அதில இல்லாத ஊரில மூத்திரத்துக்கு இறங்கினாலும் குற்றம்.

கரவன் எங்கடை இல்லை. கீழ்வீட்டு ஹெர் வொல்ஃப் இருக்கிறாரெல்லோ, அந்த நெட்டைக் கிழவர், அவற்றை. இவர் அவற்றை தோட்டத்தில புல்லு வெட்டிக் குடுக்கிறவர். அந்தச் சிநேகிதத்தில, மூண்டு நாளைக்கு எடுத்துக்கொண்டு போய் மனிசிக்கு ஊர் காட்டும் எண்டு திறப்பைத் தந்திட்டார். எங்கடை ஆள் ஊரில சங்கக்கடை லொறி ஓடினவர், இஞ்சத்தை லைசென்சும் எடுத்து வைச்சிருக்கிறார். அதுக்குள்ள, அக்கா, கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, கை கழுவுற தொட்டி இருக்கு, யன்னலுக்குப் பூப்போட்ட சீலை. இந்த வீட்டில அவ்வளவு இல்லை. ஹெர் வொல்ஃப் படமும் கீறித் தந்தவர். எந்தக் குளத்தடியில நிப்பாட்டினால் தாரா நீந்திக் கிட்ட வரும், எந்த மரத்துக்குக் கீழ கதிரை போடலாம், எல்லாம் அம்புக்குறி போட்டு. இவருக்கு அதைப் பாத்ததில இருந்து ஒரே ஆசை. ஆத்தங்கரையில நிப்பாட்டி முட்டை பொரிச்சுத் தின்னோணும். வேறையொண்டும் கேக்கேல்லை அந்த மனிசன்.

ஜெர்மன்காரனுக்குப் பயணம் எண்டால் குளமும் தாராவும். எங்களுக்குப் பயணம் எண்டால் சொந்தக்காரர். அவை தாரா மாதிரித் தண்ணியோட நிப்பினமோ?

முதல் வால்டோர்ஃப். என்ரை ஐயான்ரை தம்பி, குணசேகரம் சித்தப்பா, அங்கை இருக்கிறார். வாசல்ல நிப்பாட்ட முதலே அவற்றை மூண்டு பிள்ளையளும் ஏறிக் குந்திட்டுதுகள். சித்தப்பா வண்டியைச் சுத்திப் பாத்தார், சில்லை உதைஞ்சு பாத்தார், பேந்து கேட்டார், உதுக்குள்ளயோ படுக்கப் போறியள் எண்டு. ஓம் எண்டார் இவர். அவ்வளவுதான், சித்தப்பான்ரை முகம் சுருங்கிப்போச்சு. தன்ரை வீட்டுக்கு வந்திட்டு றோட்டில படுக்கிறதோ, அண்ணற்றை பெட்டையைத் தெருவில படுக்க விட்டவன் எண்டு நாளைக்கு லண்டன் மட்டும் கதை போகாதோ எண்டு, அவர் சொல்லச் சொல்லச் சின்னம்மா கண்ணைத் துடைக்கிறா. சரியெண்டு உள்ளுக்குப் போனம். உள்ளுக்கை இருக்கிறது ஒரு அறை, ரெண்டு கட்டில். ரெண்டையும் எங்களுக்குத் தந்திட்டினம். அப்ப அவை எங்கை படுக்கிறது? எங்கை சொல்லுங்கோ பாப்பம். கரவனுக்குள்ள. ஐஞ்சு பேரும் எங்கடை கரவனுக்குள்ள. விடிய இறங்கி வந்து சித்தப்பா சொல்லுறார், மெத்தை திறமாம், இப்பிடி நித்திரை ஜெர்மனிக்கு வந்து கொள்ளேல்லையாம்.

வெளிக்கிடேக்க ஒரு பொதி. மோஸ்பாக்கில கண்மணி மாமிக்குக் குடுக்கோணுமாம். பொதிக்குள்ள என்ன எண்டு கேக்கக் கூடாது, அது மரியாதையில்லை. கருவாடு எண்டது மணத்தில தெரிஞ்சிது. ஹெர் வொல்ஃபின்ரை பூப்போட்ட சீலையளை நான் வந்து மூண்டு தரம் தோச்சனான் அக்கா, இன்னும் போகேல்லை. அந்த மனிசன் நல்ல மனிசன், மூக்கைச் சுளிச்சுப்போட்டு, கடலுக்கோ போனனீங்கள் எண்டு மட்டும் கேட்டார்.

மோஸ்பாக்கிலயும் அதே கூத்து. மாமி முழங்கால் நோக்காரி, படி ஏற ஏலாது. மருமகனைக் கொண்டு தூக்கி ஏத்துவிச்செண்டாலும் கரவனுக்குள்ள தான்தான் படுத்தா. கட்டில் எங்களுக்கு. இவர் விடியத் தெம்பா முட்டைப் பெட்டியை எடுத்தார். மாமி அதைப் பறிச்சுக்கொண்டு போய், வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு எங்களுக்கே பொரிச்சுத் தந்தா. திறமாத்தான் இருந்தது. இவர் வெறும் முட்டைப் பெட்டியைப் பாத்துக்கொண்டு திண்டார்.

வெளிக்கிடேக்க திரும்பவும் பொதி. மிளகாய்த்தூளாம், தன்ரை கையால வறுத்ததாம், எபர்பாக்கில சந்திரகாந்தியிட்டைக் குடுங்கோ, உங்களுக்குத் திரும்பிப் போற வழிதானே எண்டா. வாறம் எண்டு போனும் அடிச்சுச் சொல்லிப்போட்டாவாம்.

சந்திரகாந்தி எண்டது இவற்றை சொந்த அக்கா. எனக்கு மச்சாள். அவவைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன். எங்கடை பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க வந்தவ, ரெயினில ரெண்டு இடத்தில மாறி வந்தவ, நல்லது, ஆர் இல்லையெண்டது. வந்து பிள்ளையைத் தூக்கி மடியில வைச்சு, வந்த சனம் எல்லாத்துக்கும் முன்னால, "நல்ல வடிவு, எங்கடை நிறம். மூக்குத்தான் தாயின்ரை பக்கம்" எண்டா. மூக்குத்தான். பாருங்கோ என்ரை மூக்கை. இதில என்ன பிழை? ஊரில இந்த மூக்குக்கு ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை. நான் சிரிச்சுக்கொண்டு பாயாசம் குடுத்தனான். அதை விடுங்கோ. நான் அப்பவே மறந்திட்டன்.

மோஸ்பாக்கால வெளிக்கிட்டு ஒரு மைல் வந்திருப்பம். நான் மெல்லமாச் சொன்னன், எபர்பாக் பேப்பரில இல்லையே எண்டு. இவர் வாகனத்தை ஓரங்கட்டிச் சட்டைப்பையில இருந்து பேப்பரை எடுத்தார். கந்தோரில வாங்கின அண்டைக்கு முத்திரை இருக்கோ எண்டு மட்டுந்தான் பாத்தவர், ஊரை வாசிக்கேல்லை. இப்ப விரலை வைச்சு வாசிக்கிறார். வால்டோர்ஃப், மோஸ்பாக். ரெண்டு ஊர்தான். "அட, அக்கான்ரை ஊரை நான் உமக்குச் சொல்ல மறந்திட்டனே" எண்டு தலையில கை வைச்சார். பிள்ளை சிணுங்கிச்சு, பிஸ்கட் குடுத்தன்.

போகாமல் விட்டிருக்கலாமே எண்டு பாக்கிறியள். எப்பிடி அக்கா விடுறது? மச்சாள் விடியவே வெளிக்கிட்டு நண்டு வாங்கி உலையேத்திப்போட்டா. வாசலைத் தாண்டிப் போனதெண்டால் இவர் செத்தாலும் அவ வரமாட்டா, அவ செத்தாலும் எங்களுக்குச் சொல்லமாட்டினம். அந்த அன்ட்ராக்கில பேருக்கு ஒரு கோடு, பிறந்த திகதிக்கு ஒரு கோடு, எல்லாத்துக்கும் கோடு இருக்கு. 'போகாட்டிச் சாகுமட்டும் கோவிக்கிற ஆக்கள்' எண்டு ஒரு கோடு இருக்கோ? இல்லை. அவைக்கு இந்தச் சீவியம் விளங்காது.

ரெண்டு மணித்தியாலம் நிண்டு சாப்பிட்டிட்டு ஓடுவம் எண்டு போனம். நண்டு… சும்மா சொல்லக் கூடாது, மச்சாளுக்குக் கைப்பக்குவம் இருக்கு. சாப்பிடேக்க இவர் வாய் சும்மா கிடவாமல், சித்தப்பா கரவனில படுத்தது, மாமி படுத்தது எல்லாத்தையும் சொல்லிச் சிரிக்கிறார். மச்சாளின்ரை மனிசன் இரத்தினம் அண்ணை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கை கழுவினதும், அப்ப நான் மட்டும் என்ன குறைஞ்ச ஆளோ எண்டு, சேட்டும் இல்லாமல் சாரத்தோட போய் ஏறிக் கதவைச் சாத்திப்போட்டார். நண்டுச் சாப்பாட்டு நித்திரை எண்டால் உங்களுக்குத் தெரியும்தானே. யன்னல் சீலைக்கு வெளியில ரெண்டு பாதம். எதிர்வீட்டுக் கிழவி பாத்திருக்கிறா. ஆரெண்டு தெரியாத வண்டி, உள்ளுக்கை உடுப்பில்லாத ஆள், ஆடேல்லை அசையேல்லை. செத்துப்போனார் எண்டு நினைச்சுப் பொலிசுக்கு அடிச்சிட்டா. பாவம், அவவில பிழையில்லை.

பொலிசும் நல்ல பொடியள். தட்டி எழுப்பினவுடனே இரத்தினம் அண்ணை அவைக்கு வணக்கம் சொன்னார். சிரிச்சினம். சிரிச்சுக்கொண்டே எல்லாற்றை பேப்பரையும் கேட்டினம். பேந்து எங்கடையை வாசிச்சினம், ஊரை எழுதினவை, நேரத்தை எழுதினவை, நல்ல பயணம் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம்.

இப்ப ஆரில பிழை? சித்தப்பாவிலயோ, மாமியிலயோ, நண்டிலயோ? இவர் எல்லாம் தன்னில எண்டுறார். கடிதம் வந்ததில இருந்து என்னட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரியிறார். விடியத் தேத்தண்ணி போட்டு எனக்குக் கொண்டு வாறார், பிள்ளையைக் குளிப்பாட்டுறார். என்ரை மறதியால உமக்கும் பிள்ளைக்கும் கரைச்சலாப் போச்சு எண்டுறார். அவர் அங்கால போனதும் நான் அந்தத் தேத்தண்ணியைத் தொட்டியில ஊத்திப்போடுறன் அக்கா.

ஏன் எழும்பிறியள்? சரை கட்டி முடியேல்லை. ஒரு விசயம் சொல்லுறன், கேட்டிட்டுப் போங்கோ, வெளியில விடாதேங்கோ.

இவர் மறக்கேல்லை.

அன்ட்ராக் நிரப்பினது நான். என்ரை எழுத்து வடிவு. பள்ளிக்கூடத்தில கரும்பலகையில திகதி எழுத வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுறவர். இவர் இந்த மேசையில எனக்குப் பக்கத்தில இருந்து ஒவ்வொரு ஊராச் சொன்னவர். முதல் சொன்ன ஊரே எபர்பாக். முதல் அக்கான்ரையை எழுதும் எண்டவர். நான் எழுதுற மாதிரிப் பேனையை ஆட்டினன், எழுதேல்லை. பேப்பரில இல்லாட்டிப் போக ஏலாது. போக ஏலாட்டி அது என்ரை குற்றமில்லை, ஜெர்மன் சட்டம். மச்சாளுக்கும் சொல்லலாம், என்ன செய்யிறது, விடுறாங்களில்லை எண்டு. இந்த நாட்டுச் சட்டம் எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு நன்மையும் செய்யேல்லை, நான் ஒருக்கா அதை எனக்கு வேலை செய்விச்சிட்டன் எண்டு ரெண்டு நாள் ஒரே சந்தோசமும் புழுகமும் எனக்கு. மாமி போன் அடிப்பா எண்டு நான் கண்டனோ?

அந்த மனிசன் இப்ப கந்தோரில நிண்டு, நான்தான் மறந்தனான் எண்டு சொல்லிக்கொண்டிருக்கும்.

…பொறுங்கோ. கீழ்க் கதவெல்லோ? அவர்தான். அக்கா, போகாதேங்கோ, நீங்கள் இருந்தால் எனக்கும் ஒரு தைரியம். பேப்பர் கிடைச்சிருந்தால் இண்டைக்கே சொல்லிப்போடுவன். கிடைக்காட்டி… கிடைக்காட்டி நாளைக்குச் சொல்லுவன். அக்கா… படியேறிப் போட்டா. தூளையும் விட்டிட்டுப் போட்டா.

வாங்கோ. ஏன் வாசல்ல நிக்கிறியள்? முத்திரை குத்தினவையோ? …இல்லையோ.

அந்தக் கந்தோர் மனிசி என்ன கேட்டவ? …சொந்த அக்கா இருக்கிற ஊரை ஒரு மனிசன் மறப்பானோ எண்டோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்? …மறந்தது மறந்ததுதான் எண்டு. ம். அவ எப்பிடி நம்புவா, நானெண்டாலும் நம்பமாட்டன். வேணுமெண்டு மறைச்சதெண்டு எழுதப் போறாவாமோ? …பன்ரண்டு மணிக்குள்ள வேறை விளக்கம் இருந்தால் வரச் சொன்னவவோ.

இஞ்சருங்கோ, சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. நீங்கள் மறக்கேல்லை. முதல் ஊரா எனக்குச் சொன்னனீங்கள். நான்தான் எழுதாமல் விட்டனான்.

…ஓம். வேணுமெண்டுதான்.

என்னைப் பேசுறதெண்டால் நடந்துகொண்டு பேசுங்கோ, பதினொண்டேகால் ஆகுது. பிள்ளையைத் தூக்குங்கோ, நான் கோட்டைப் போடுறன். நானே அவவுக்குச் சொல்லுறன், எனக்குத் தெரிஞ்ச டொச் பாசை இதுக்குக் காணும். …நம்புவா. ஏன் நம்பமாட்டா? அந்த மனிசிக்கும் ஒரு மச்சாள் இருப்பாதானே.