காய்ச்சி ஆறிய தண்ணீர்

கண்ணில் சொட்டு மருந்து விட நிதானமான கை வேண்டும், சார். என் மனைவி ஞானசுந்தரிக்கு நான்தான் விடுவேன். ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் வழியாது.

எங்களுக்குக் கல்யாணமான புதிதிலேயே கண்ணில் புண் வந்து, அவளுக்கு இரண்டு கருவிழியும் வெளுத்துப்போயின. தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்து நானே சமைப்பேன். தலை வாரிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கைபிடித்து சர்ச்சுக்குக் கூட்டிப்போவேன். ஏசுபாதம் மாதிரி ஒரு புருஷன் உண்டா என்று எங்கள் ஸ்கெலட்டன் காலனி முழுக்கப் பேசுவார்கள்.

பிறகு பெங்களூரில், இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை அவளுடைய வலது கண்ணில் வைத்துத் தைத்தார்கள். பார்வை வந்தது, ஆனால் கோணலாக. என் முகம் நீண்டு, இரண்டாகத் தெரிகிறது என்பாள். தையலைப் பிரித்தும் சரியாகவில்லை, கண்ணாடியும் உதவவில்லை. தெருவில் இறங்க அப்போதும் என் கை வேண்டியிருந்தது. எனக்கு அது போதும்.

டாக்டருக்குப் போதவில்லை. "வெச்ச கருவிழி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குது. ஓரத்துல சின்னதா ரெண்டு கீறல் போட்டா இழுப்பு தளர்ந்துடும்" என்றார். போட்டார். கொஞ்ச நாளில் ஞானசுந்தரி ஊசியில் நூல் கோத்தாள்.

அந்த வருடம்தான் சுரங்கத்தை மூடினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தேன்.

"பக்கத்து வூட்டு பாப்பம்மாக்கா கூட கார்மென்ட்ஸ் வேலைக்குப் போறேங்க. காலைல ரயிலேறுனா பொழுதோட வந்துருவேன்" என்றாள்.

"நீ எப்டிம்மா அவ்ளோ தூரம் போவ?"

"இன்னாங்க, இப்பதான் எனக்குக் கண்ணு தெரியுதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

சொட்டு மருந்தை நிறுத்தினால் உடம்பு அந்தக் கருவிழியை அந்நியமென்று தள்ளிவிடும் என டாக்டர் எச்சரித்திருந்தார். நான் கவனமாகக் கேட்டிருந்தேன். மருந்தைக் கொட்டிவிட்டுப் புட்டியில் தண்ணீரை நிரப்பினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கண்டதையும் அவள் கண்ணில் விட எனக்கு மனம் வராது.

"இன்னாங்க, மருந்து விட்டா தொண்டைல எறங்கி கசக்குமே, இப்ப கசக்கவே இல்லியே?"

"இது வேற கம்பெனி மருந்தும்மா."

கண் சிவந்தது. சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுத் தூசியாக இருக்கும் என்றேன். வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அடுத்த வாரம் என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். கருவிழி மெல்லப் பால் நிறமானது. வேலைக்குப் போகும் பேச்சு நின்றது. மறுபடி நான் கைபிடித்து சர்ச்சுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் அழுதாள். வெகுகாலத்துக்குப் பிறகு எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

நான் கடைக்குப் போயிருந்தபோது அவள் அந்தப் புட்டியை நாக்கில் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். பிறகு பாப்பம்மாவைக் கூப்பிட்டு, புட்டியோடு டாக்டரிடம் போயிருக்கிறாள்.

நான்தான் செய்தேன், சார். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் புகாரை அவளே கொடுத்தாள் என்கிறீர்களே, அதை நான் நம்பமாட்டேன். இந்தக் கையெழுத்தைப் பாருங்கள். எழுத்தெல்லாம் கோட்டை விட்டு இறங்கிக் கிடக்கிறது. நான் கையைப் பிடித்திருந்தால் நேராக வந்திருக்கும்.