குளிர் தொடங்கும் இடம்

சிலிண்டரில் காஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு செம்பு சுடுதண்ணீர் போதும். வெளிப்பக்கமாக மேலிருந்து ஊற்றிவிட்டு, உள்ளங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்க வேண்டும். சூடு நின்று குளிர் தொடங்கும் இடம்தான் காஸின் மட்டம். மிச்சம் பழக்கம். அடுப்பு எவ்வளவு குடிக்கும், திறந்த வெளியில் காற்று எவ்வளவு திருடும் என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

மக்தூம் பாய், அதிகாரிக்கு அரபியில் சொல்லும்போது இதை முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

சவூதிக்கு வந்த நாளிலிருந்து இந்த யான்பு தொழிலாளர் காம்பில் நான் ஸ்டோர்கீப்பர். காம்ப் பொறுப்பாளர் அம்மையப்பர், என்னைப் போல யாழ்ப்பாணத்தார். பின்சுவருக்கும் பழைய கன்டெய்னருக்கும் இடையில், வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில், அவர் களவாகப் பியர் காய்ச்சினார். அறைக்குள் காய்ச்சினால் மணம் காட்டிக்கொடுக்கும். கொதிக்கும்போது காஸ் தீர்ந்தாலோ புதுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு காம்பைக் கடக்க வேண்டும். காவல்காரன் பார்ப்பான். அதனால் என் கை தேவைப்பட்டது. அது ஒருமுறையும் தவறவில்லை.

எண்பத்தைந்தில் என் மனைவி செல்லம் பிள்ளையோடு படகேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்விட்டாள். பிள்ளையை நான் இன்னும் பார்த்ததில்லை. லீவு கேட்டேன். நாட்டை விட்டுப் போக வேண்டிய எக்ஸிட் தாளை எங்கள் முதலாளி கஃபீலிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோகிறவர் அம்மையப்பர்தான்.

“நீ போனால் காஸை ஆர் பாக்கிறது, ஏரம்பு? கையை இஞ்சை விட்டிட்டுப் போறதெண்டால் இண்டைக்கே எழுதித் தாறன்,” என்று சிரித்தார்.

இனிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. சிலிண்டர்கள் ஸ்டோரிலிருந்து போனவை. ஸ்டோர்ச் சாவி என் இடுப்பில் இருந்தது; விஷயம் வெளியே வந்தால் முதலில் மாட்டுவது நான்.

ஆகவே தியாகுவுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன், காம்ப் சமையலில் வேலை, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். விரைவில் அவன் கையும் பழகிவிட்டது. இனி அவன் பார்ப்பான், என்னை விடுங்கள் என்று அம்மையப்பரிடம் போய்ச் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. இனி ரெண்டு அடுப்பு வைக்கலாம்,” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் இடத்தில் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை மணற்காற்று வரும் என்பது காலையிலேயே வானத்தில் தெரிந்தது. தீரப்போகும் சிலிண்டரை எடுத்துவிட்டு நிறைந்த ஒன்றை மாற்றி வைத்தேன். அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. கொதி வந்த நேரம் காற்று அடுப்பை அணைத்தது. எல்லாவற்றையும் கன்டெய்னருக்குள் கொண்டுபோவோம் என்று நான்தான் சொன்னேன். அம்மையப்பர் தயங்கினார்.

“அடைச்ச இடமடாப்பா. மூச்சு முட்டாதோ?”

சுடுதண்ணீர் ஊற்றிக் கை வைத்துப் பார்த்தேன். கழுத்திலேயே குளிர்ந்தது.

“அடியிலைதான் கிடக்கு, அண்ணை. கொஞ்ச நேரத்திலை அடுப்பு தானா நூந்திடும். பயப்பிடாதேங்கோ.”

தியாகு சிலிண்டரைத் தூக்கினான். “கனமா இருக்கேண்ணே. நல்லா பாத்தீங்களா?”

“பாத்தனான்.”

அவன் கை வைத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்த பிறகு அவன் பார்ப்பதில்லை. மரியாதை தெரிந்தவன். கிளற ஆள் வேண்டும் என்று அம்மையப்பர் அவனையும் உள்ளே கூப்பிட்டார். நான் தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் கேட்பார்.

வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னதும் அவர்தான். ரோந்து வந்தால் பூட்டிக் கிடக்கும் கன்டெய்னராகத் தெரிய வேண்டும், தொழுகை முடிய முன்னர் வந்து திறந்துவிடு என்றார். நல்ல யோசனை. போட்டேன்.

சுவரோரம் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. காற்றில் தகரமும் அப்படித்தான் தட்டும். பிறகு தட்டுவது நின்றது. காற்று நிற்கவில்லை.

முதல் விசாரணையில் நான், “கணக்குப் பிழைச்சுப் போச்சு,” என்றேன். நீங்கள் பதறிப்போய், “யாரு பொழச்சா?” என்று கேட்டீர்கள். நீங்கள் அதை அரபியில் மாற்றிச் சொன்னதைக் கேட்டு அதிகாரியும் எழுந்துவிட்டார். எங்கள் ஊரில் பிழைப்பது என்றால் தவறிப்போவது. உங்கள் காயல்பட்டினத்தில் உயிர் தப்புவது. எதை எழுதியிருந்தாலும் அதை அடித்துவிடுங்கள் பாய். கணக்கும் பிழைக்கவில்லை, அவர்களும் பிழைக்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதிகாரியிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அம்மையப்பர் இல்லாதபடியால், என் எக்ஸிட் தாளை இனி கஃபீலிடம் கொண்டுபோவது யார்?