தெரியாததற்கு ஒரு பங்கு

பசுவுக்கு மழை பிடிக்காது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, ஐயா. மழையில் அது பாட்டுக்கு நின்று அசைபோடும். காற்றடித்தால்தான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். இந்த ஒஹையோ பள்ளத்தாக்கில் என் ஆயுசு பசுக்களோடு போயிற்று, அதனால் சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்வதால் மெதுவாகவே சொல்கிறேன். எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்த பிறகுதான். எழுதுகிறவனுக்குக் கை எப்படி வலிக்கும் என்று தெரியும்.

நான் டெல்பர்ட். லோரன் ஸ்டால்டரின் பால் பண்ணையில் வேலை. பண்ணைக்குக் கீழே ஆல்டர் ஓடை. அது போய் ஆற்றில் விழுகிறது, ஆற்றங்கரையில் நகரம். நகரத்துக் கழிவுநீர் நிலையம் ஆற்றில் விடும் அழுக்கு அளவை மீறிவிட்டது. புதிதாக ஒன்று கட்டுவதற்குப் பதில், மேலே இருக்கும் பண்ணைகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சாணி ஓடையில் கலக்காமல் நாங்கள் தடுக்க வேண்டும். தடுத்ததைக் கணக்குக் காட்டி அவர்கள் ஆற்றில் விட்டுக்கொள்வார்கள், அதற்கு எங்களுக்குப் பணம் தருவார்கள். அந்த ஒப்பந்தத்தால்தான் பண்ணை கைமாறாமல் நின்றது. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் என் சக்கர வீடும் அதனால்தான் நின்றது.

குழாயில் வருவதை அளக்கலாம். வயலிலிருந்து மழையோடு போவதை யார் அளப்பது? அதனால் ஒரு விதி. நகரம் ஒரு பங்கு விட்டால் பண்ணைகள் இரண்டு பங்கு தடுத்திருக்க வேண்டும். ஏன் இரண்டு என்று நீர் அலுவலகத்து பிரெண்டாவிடம் கேட்டேன்.

"ஒண்ணு அவங்க விடறதுக்கு ஈடு, டெல்பர்ட். இன்னொண்ணு நமக்குத் தெரியாததுக்கு."

எனக்கு அது பிடித்துப் போயிற்று. தெரியாததற்கென்று ஒரு பங்கு ஒதுக்கி வைக்கிற மனிதர்களை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஓடையில் புட்டிகளில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதும் என் வேலைதான். வானம் வெளுத்த நாளில்தான் பிடிப்போம். மழையில் எல்லாப் பண்ணை மண்ணும் சேர்ந்து வரும், எது யாருடையது என்று பிரிக்க முடியாது. முதல் தடவை புட்டிகளைக் கொடுக்கும்போது பிரெண்டா இன்னொன்றும் சொன்னாள்.

"கரையோரக் கிணத்துக்காரங்க யாராவது கேட்டா, கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணில பால் கலக்க வேணாம்னு சொல்லுங்க. கொதிக்க வெச்சா சரியாயிடும்னு நினைச்சுக்குவாங்க. ஆகாது. சாணியில இருந்து வர்ற நைட்ரேட் ஆவியாப் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டியாகும்."

நான் தலையாட்டினேன். கேட்டதை மறக்கிறவன் இல்லை நான். வெகுகாலம் படிக்கத் தெரியாமல் இருந்தவன், எல்லாவற்றையும் தலையிலேயே வைத்துப் பழகியவன்.

ஓடைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் நோரீன் வீடு. மாதா கோவிலின் நிலவறையில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். என்னைவிட மிகவும் சின்னவள். "டெல்பர்ட், இந்த எழுத்து உங்களைக் கடிக்காது, கொஞ்சம் கிட்டத்துல போய்ப் பாருங்க" என்பாள். குழந்தைக்காக அவளும் அவள் புருஷனும் வருஷக்கணக்கில் ஏங்கியது எல்லோருக்கும் தெரியும். ஐடா பிறந்தபோது நானே போய்த் தொட்டிலின் கால்களைச் சரிபார்த்து ஆணி அடித்துக் கொடுத்தேன். ஞாயிறு மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். கோழி நூடுல்ஸ், உருளைக்கிழங்கு மசியல். அவள் சமையல் சுமார்தான், அளவு தாராளம்.

இந்த வசந்தத்தில் மழை விடவேயில்லை. பண்ணைச் சாணியைத் தேக்கி வைக்கும் குட்டை விளிம்பு வரை ஏறிவிட்டது. நனைந்த நிலத்தில் சாணி இறைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். குட்டை வழிந்தாலும் ஒப்பந்தம் போய்விடும். லோரன் வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்:

"நான் ஊருக்குப் போயிட்டு வரேன். வரும்போது குட்டை இவ்வளவு இருக்கக் கூடாது."

"எங்க கொண்டுபோய் விடறது?"

"அத எங்கிட்ட ஏன் கேக்கற? இருக்கறவங்கள்லயே பழைய ஆளு நீ. எனக்குத் தெரியாம இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது."

வயலுக்கடியில் வடிகுழாய் உண்டு, அது ஓடையில் போய்த் திறக்கும். பம்பை அதில் மாட்டினேன். மழை பெய்கிற நேரம் பார்த்து ஓட்டினேன், நின்றால் நிறுத்தினேன். அதை நான் திருட்டு என்று நினைக்கவில்லை. இரண்டாவது பங்கு தெரியாததற்கு என்று அவர்களே விட்டு வைத்தது. நான் விட்டது அந்தப் பங்கைத்தான். நகரத்துக்கு ஈடான பங்கை நான் தொடவில்லை. வெளுத்த நாளில் பிடித்த புட்டிகள் எல்லாம் நல்ல தண்ணீர் என்றே வந்தன.

ஓடை ஏறி நோரீனின் பழைய உறைகிணற்று மூடியைத் தொட்டது. நான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"தண்ணி லேசாப் பழுப்பா வருது, டெல்பர்ட். எனக்குப் பால் வத்திப் போச்சு, இவளுக்கு இப்ப மாவுப் பாலுதான். நீங்கதானே ஓடையோட டாக்டரு, சொல்லுங்க. குடுக்கலாமா?"

கொடுக்காதே என்றால் ஏன் என்பாள். பிரெண்டாவைக் கூப்பிடுவாள். கிணற்றில் புட்டி இறங்கும். கிணற்றுத் தண்ணீர் ஓடையைப் போல ஓடிப்போய்விடாது.

"மழைத் தண்ணிதான். கொதிக்க வெச்சுக் குடு" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"நல்லாவே கொதிக்கட்டும்."

"பாத்துக்கடி ஐடா, படிச்சவரு சொல்றாரு" என்று குழந்தையின் காதில் சொல்லிச் சிரித்தாள். அன்று இரண்டாவது தடவையும் எனக்கு நூடுல்ஸ் போட்டாள்.

குழந்தையின் உதடு முதலில் நீலம் பாரித்தது. பிறகு நகங்கள். குளிர் என்று நினைத்துக் கம்பளி போட்டிருக்கிறாள். தேறட்டும் என்று இன்னும் கொஞ்சம் பால் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, ரத்தம் மூச்சைச் சுமக்கிற சக்தியை இழந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான்.

சின்னப் பெட்டி. குழி வெட்ட ஆள் வைத்திருந்தார்கள். நான் வேண்டாமென்று நானே வெட்டினேன். மண் ஈரமாக இருந்தது, சுலபமாக வந்தது.

பிறகு பிரெண்டாவின் ஆட்கள் வந்தார்கள். மேலே எத்தனையோ பண்ணைகள், எந்த வயலிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள். லோரன் நிம்மதிப் பெருமூச்சு விட்டதை நான் பார்த்தேன். நானும் விட்டிருப்பேன். ஆனால் போன ஞாயிறு நோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"நீங்க சொன்னீங்க. நாந்தான் போதுமான நேரம் கொதிக்க வெக்கல போலிருக்கு, டெல்பர்ட். ராத்திரி அசதியில சில நாள் சீக்கிரம் எறக்கிட்டேன்."

சீக்கிரம் இறக்கிய நாட்களில்தான் குழந்தைக்கு விஷம் கொஞ்சம் குறைவாகப் போயிருக்கும். அதை அவளிடம் நான் எப்படிச் சொல்வது? ஈரத் தட்டை வாங்கித் துடைத்து வைத்தேன். மறுநாள் பசுக்களைக் கறந்துவிட்டு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். பம்பை ஓட்டியது நான். தெரிந்தே கொதிக்க வைக்கச் சொன்னதும் நான். லோரன் சொன்னதையும் எழுதுங்கள், ஆனால் கை என்னுடையது.

நோரீனிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு மட்டும், குட்டையின் கரை மழையில் தானாக உடைந்தது என்று சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதை விட்டுவிடுங்கள். பாதி தெரிந்தால் போதும், மீதி தெரியாமலே இருக்கட்டும். எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. பாவம், அவள் தாங்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இன்னமும் எனக்கு ஒரு தட்டு வைக்கிறாள்.